ஒரு பிடி பழைய பஞ்சு

மலை ஏறுகிற பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தால் மனிதர்களைப் பற்றி ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்துவிடும். யாருக்கு ஏழாவது வளைவில் வாந்தி வரும், யாருக்குப் பதினைந்தாவது வளைவில் வரும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்றபடி எனக்குப் பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை. வந்திருந்தால் அந்தப் பொட்டலத்தை நான் கை நீட்டி வாங்கியிருக்க மாட்டேன்.

எனக்கு எதிர்வீடு மெத்தைக்காரர் வீடு. முன்பக்கம் கடை, பின்பக்கம் ஓர் அறையும் அடுப்படியும், நடுவில் ஒரு துணித் திரை. வீடு எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்பது அந்தத் திரைக்குத்தான் தெரியும், பஞ்சுக்குத் தெரியாது. சோற்றுப் பானையிலும் அது விழும். ஊரில் பாதிப் பேரின் பழைய மெத்தைகள் வண்டியில் வந்து அங்கே இறங்கும். அவர் தையலைப் பிரித்து, கட்டிபட்டுப்போன பஞ்சை உருவி, மெஷினில் கொடுத்து அடிப்பார். ஒரு மணி நேரத்தில் தலையும் புருவமும் வெளுத்து, நாடகத்தில் கிழவன் வேஷம் கட்டினவர் போல வெளியே வந்து டீ குடிப்பார். வயது நாற்பதுதான். அவர் மனைவி தையல் மெஷினில் உறை தைப்பாள். உறைக்குள் பஞ்சை அடைத்து, கழியால் தட்டிப் பரப்பி, கோணி ஊசியால் குத்திக் குத்தி முடிச்சுப் போட்டு அவர் நிமிரும்போது இடுப்பு பேச்சுக் கேட்காது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது பழசு வேண்டாம், புதுப் பஞ்சில் புதிதாகவே தைத்துக் கொடு என்று கேட்டால், அவர்களுடைய பழைய மெத்தையின் தலைமாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்துப் புதியதற்குள் வைத்துத் தைப்பார்.

"புது இடத்துல தூக்கம் வருமாண்ணே? புது மெத்தையும் புது இடம்தான். இந்த ஒரு பிடி உள்ள இருந்தா உடம்பு பழகிக்கும்" என்பார்.

அவருடைய அப்பா அப்படிச் செய்தாராம், இவரும் செய்தார். வாங்கிக்கொண்டு போனவர்களும் நன்றாகத் தூங்கியதாகத்தான் சொன்னார்கள். நானே அப்படி ஒரு மெத்தையில்தான் படுக்கிறேன்.

அவர்களுக்கு ஒரே பெண். அவள் நடக்கப் பழகியதே பஞ்சுக் குவியலில். விழுந்தாலும் அடிபடாத பிள்ளை என்று தெருவே கண் வைத்தது. நான்கு வயதில் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மழைக்காலம் வந்தால் கூடும். எங்கள் ஊர் மழைக்காலம் என்றால் சுவரெல்லாம் நீர் கோத்து, காயப்போட்ட துணி மூன்று நாள் காயாமல் நாறும். எட்டு வயதில் அவள் பள்ளிக்கூடம் விட்டுத் தெருமுனையிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுவாள். ஒன்று மளிகைக் கடைப் படி, இன்னொன்று என் வீட்டு வாசல்.

"மாமா, உங்க விசில் பாக்கெட்ல இருக்கு. என்னோடது உள்ளயே இருக்கு" என்பாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"அப்ப நீதான்டி பெரிய கண்டக்டர். நான் டெம்பரவரி."

அதிலிருந்து அவளுக்கு என் வாயில் கண்டக்டரம்மா என்றுதான் பெயர். அவள் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் நிற்காது. அதனால் நாளடைவில் அவளைச் சிரிக்க வைக்கிறதையே நான் குறைத்துக்கொண்டேன். ஒரு பிள்ளையைச் சிரிக்க வைக்கப் பயப்படுவது எவ்வளவு கேவலமான நிலைமை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

வாயில் வைத்து இழுக்கிற பம்ப் கொடுத்தார்கள், ஆவி பிடிக்கிற மெஷின் வைத்தார்கள், ஒரு நாள் பட்டப்பகலில் அவள் உதடு நீலம் பாரிக்க, நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். கனமே இல்லை, காலிப் பை மாதிரி இருந்தாள். கீழே இருந்த பெரிய டாக்டர் கடைசியில் மலை மேல் இருக்கிற பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். என் பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில், கம்பி வேலிக்குப் பின்னால், நீளமாக ஓடு போட்ட கட்டடம். தினமும் பார்க்கிற இடம்தான். உள்ளே எதற்குப் பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள் என்று அதுவரை நான் கேட்டதில்லை.

சேர்க்கிற அன்று நானும் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமைசாலி. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துச் சொன்னார்.

"இது தொத்து வியாதி இல்ல. ஒரு சின்னப் பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. அது உங்க பொண்ணுக்கு ஒத்துக்கல. அதோட கழிவு தூசியோட தூசியா பறக்கும். அந்தப் பூச்சிக்கு ஈரக் காத்து வேணும். இங்க மேல காத்து காய்ஞ்சு கிடக்கு, பூச்சி பொழைக்காது. அந்தத் தூசி படாம சில மாசம் இருந்தா நெஞ்சுக்குள்ள இருக்கற வீக்கம் வத்தும். மருந்தும் கொடுப்போம், மூச்சுப் பயிற்சியும் உண்டு. பள்ளிக்கூடமும் உள்ளயே இருக்கு."

"அந்தப் பூச்சி எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டார் மெத்தைக்காரர்.

"மெத்தைல. தலகாணில."

"பழைய மெத்தைலயா?"

"பழசுல நிறைய."

டாக்டரம்மா கையில் இருந்த தாளில் 'தந்தையின் தொழில்' என்று போட்டிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். இவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் பஞ்சு இருந்தது.

சட்டங்கள் கடுமை. வீட்டிலிருந்து துணி பொம்மை, போர்வை, தலையணை எதுவும் வரக்கூடாது. பார்க்க வருகிறவர்கள் கேட் பக்கத்து அறையில் தங்கள் உடையைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கே வெந்நீரில் வெளுத்து வைத்திருக்கிற அங்கியைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மெத்தைக்காரர் உயரமான மனிதர். அங்கி முழங்காலுக்கு மேலே நிற்கும். ஞாயிறு தோறும் அந்தக் கோலத்தில் மகளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். வாங்கிப் போன ரொட்டியை அவள் தின்பதை அவரும் மனைவியும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இறங்கும்போது பின் சீட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வருவார்கள்.

காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு குழாயில் ஊத வேண்டும். குழாயில் இருக்கிற சிவப்பு முள் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அந்த எண்ணை அட்டையில் குறிப்பார்கள். அவள் போன புதிதில் நூற்றைத் தாண்டவில்லை. ஏழாவது மாதம் ஒரு மத்தியானம், பஸ் திரும்புவதற்கு முன்னால் நான் டீயை முடித்துவிட்டு வேலியோரம் நின்றேன். அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தாள். ஓடி! நான் கையைக் காட்டி நிறுத்தப் போனேன், பழைய ஞாபகம்.

"மாமா, இன்னிக்கு இருநூத்திப் பத்து!"

"என்னது, டிக்கெட் கலெக்ஷனா?"

"மூச்சு மாமா! மாசக் கடைசில வீட்டுக்கு அனுப்பிப் பாக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. பத்து நாளைக்கு."

"அப்புறம் ஏன் கண்ணு உள்ள போயிருக்கு?"

வேலிக் கம்பியைச் சுரண்டினாள்.

"தூக்கம் வரல மாமா. இங்க தலகாணிக்கு வழவழன்னு ஒரு உறை. திரும்பினா சத்தம் போடுது. ஒரு வாசமும் இல்ல. அப்பா வாசம் இல்ல."

இதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் எதைக் கேட்டாலும் அடுத்த நிறுத்தத்தில் இறக்கி வைக்கிற வாய் எனக்கு. மாலையில் கடைக்குப் போய் அப்படியே சொன்னேன். மெத்தைக்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் போகவில்லை.

மகள் வரப்போகிறாள் என்று அந்த வீட்டில் நடந்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்தார்கள். பழைய மெத்தைகளைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றினார்கள். துணித் திரை போய்ப் பலகைக் கதவு வந்தது. இதற்கு நடுவில் கல்லூரி விடுதிக்கு அறுபது மெத்தை தைக்கிற வேலை வந்து சேர்ந்தது. இரண்டு ஞாயிறு இருவராலும் மலைக்குப் போக முடியாது என்று ஆகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் போனபோது அறுபது மெத்தையையும் ஒதுக்கிவிட்டு, ஒரு சின்னத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு நாள் மொட்டை மாடில வெயில்ல போட்ட புதுப் பஞ்சுண்ணே. உறையை ரெண்டு தடவ கொதிக்க வெச்சுட்டா இவ. பூச்சி என்ன, பூச்சியோட பாட்டன்கூட இருக்க மாட்டான்."

"அங்கதான் தலகாணி விட மாட்டாங்களேப்பா."

"பழசைத்தானே வேணாம்னாங்க? இது புதுசு."

சொல்லிக்கொண்டே எழுந்து தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே குழந்தைக்கு வைக்கிற தலையணை, உள்ளங்கை அகலம், எண்ணெய்க் கறை படிந்தது. மூலைத் தையலைப் பிரித்து, மூன்று விரலை உள்ளே விட்டு, பழுப்பாக ஒரு பிடி எடுத்தார்.

"இது எதுக்கு?"

"அவ பொறந்தப்ப தைச்சதுண்ணே. தூக்கம் வரலன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"இருந்தாலும்..."

"ஒரு பிடிண்ணே. ஒரே ஒரு பிடி."

ஒரு பிடியில் என்ன வந்துவிடும் என்று நானும்தான் நினைத்தேன். இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் தைத்து முடித்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

கேட்டில் இருக்கிற வாட்ச்மேனுக்கு ஐந்து வருடமாகத் தினமும் முதல் பஸ்ஸில் நான்தான் பேப்பர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். யார் பையையும் பிரிக்காமல் விடாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பார்த்து, "என்ன கண்டக்டரே, பார்சல்?" என்றார்.

"சாக்ஸும் ரெண்டு நோட்டும்."

பேப்பரை வாங்கிக்கொண்டு, பிரிக்காமல் உள்ளே கொடுத்தனுப்பினார். என்னை நம்பினார்.

திங்கள்கிழமை வேலியோரம் வந்து, "நல்லாத் தூங்கினேன் மாமா" என்றாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி. புதன்கிழமை நடந்துதான் வந்தாள். வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை பேப்பரைக் கொடுத்தபோது வாட்ச்மேன் வாங்கவில்லை.

"உங்க தெருப் பொண்ணு ஆக்சிஜன்ல கிடக்குது. நூறுகூட ஊத முடியல. பெட்டைப் பிரிச்சுப் பாத்தா தலகாணி. சாக்ஸுன்னீங்களே? பிரிக்காம விட்டவன் நான், யார்கிட்டயும் சொல்லவும் முடியல."

அன்று நான் முப்பத்தாறு வளைவையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பாதிப் பேருக்கு டிக்கெட் கொடுக்கவில்லை என்று டிரைவர் பிறகு சொன்னார்.

மறுநாள் எனக்கு வார ஓய்வு. முதல் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். மெத்தைக்காரர் மனைவி ஒவ்வொரு வளைவிலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனைண்ணே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கி போட்டுக்கொண்டு உள்ளே போனோம். அவள் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி, கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் அலுத்துப்போய்ச் சொன்னார்.

"யார் கொடுத்தாங்கன்னு மூணு தடவ கேட்டாச்சு. வரும்போதே நானே எடுத்துட்டு வந்தேன்னு சாதிக்கறா. பகல்ல ஸ்கூல் பைல ஒளிச்சு வெச்சிருக்கா. ஏழு மாசமா எங்க கண்ல படாம எப்படி இருக்கும், சொல்லுங்க?"

அவள் அப்பாவைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். சொல்லிவிடாதே என்கிற மாதிரி. மூச்சுக்கே வழியில்லாத பிள்ளை, எங்களைக் காப்பாற்றப் பார்த்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

டாக்டரம்மா அறையில் தலையணை மேஜைமேல், கண்ணாடித்தாள் பைக்குள் இருந்தது.

"நான்தாம்மா தைச்சேன்" என்றார் மெத்தைக்காரர். "எல்லாம் புதுப் பஞ்சு. ஒரு பிடி மட்டும் பழசு. அவளோட சின்ன வயசுத் தலகாணிலேர்ந்து."

"எதுக்கு?"

"தூக்கத்துக்கு."

டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்து முகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டார். அவரும் இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார்.

"அந்த ஒரு பிடி மட்டும் இல்ல. உங்க கடைல வெச்சு எது தைச்சாலும் அதுல அந்தத் தூசி இருக்கும். ஏழு மாசம் இங்க நல்லா இருந்தா, அதால நோயே போச்சுன்னு ஆகாது. தூசி பட்டா திரும்ப வரும்னு இப்ப பாத்தாச்சு. இதுலேர்ந்து எழுந்துடுவா, அது எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா வீடும் கடையும் ஒண்ணா இருக்கற வரைக்கும் நான் அவளை அங்க அனுப்ப மாட்டேன்."

"பலகைக் கதவு போட்டுட்டேம்மா."

"கதவு போதாதுங்க."

"அறுபது மெத்தை நிக்குது. அதை முடிச்சுட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முடித்துவிட்டு என்ன என்று அவருக்கே தெரியவில்லை. "எனக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா. கைல வேற வேலை இல்ல."

நான் குறுக்கே விழுந்து, "கொண்டுவந்தது நான். கேட்ல பொய் சொன்னதும் நான்" என்றேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

அப்போது மெத்தைக்காரர் மனைவி கேட்டாள்: "துணி வெளுக்கற இடத்துக்கு ஆள் வேணும்னு கேட்ல எழுதி ஒட்டியிருக்கே, ஆள் கிடைச்சாச்சா?"

"இல்ல. கஷ்டமான வேலை. நாள் பூரா வெந்நீரும் ஆவியும்."

"பஞ்சைவிடக் கஷ்டமா? தங்க இடம் தருவாங்களா?"

"பின்னால ஒரு ரூம் உண்டு."

"அவ வார்டுலேர்ந்து வெளிய வந்ததும் என்கூட இருக்கலாமா?"

"இருக்கலாம்."

மெத்தைக்காரர் மனைவியைப் பார்த்தார். "நான்?"

"நீங்க கீழ" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

இறங்கும்போது நாங்கள் இருவர்தான். பதினைந்தாவது வளைவு தாண்டியதும் அவர் சொன்னார்:

"வீட்ல உறை தைக்க ஆளில்ல இனிமே."

"ம்."

"அண்ணே, அந்தப் பிடியைப் போடும்போது உங்களுக்குச் சந்தேகம் இருந்துதில்ல?"

"இருந்துது."

"எனக்கும் இருந்துதுண்ணே" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை திரும்பவில்லை.

அறுபது மெத்தையையும் தனியாகவே முடித்தார். உறையைத் தானே தைத்தார், கோணல்மாணலாக. அதன் பிறகு புது மெத்தை கேட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பழைய ஒரு பிடியை வைப்பதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "மறந்துட்டேன்" என்பார்.

அவள் எழுந்துவிட்டாள். அதற்கே இரண்டு மாதம் ஆயிற்று. வார்டிலிருந்து அம்மாவின் அறைக்கு வந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. மெத்தைக்காரர் காலை பஸ்ஸில் ஏறியபோது எனக்கே ஆளை அடையாளம் தெரியவில்லை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். நகம் சதையோடு வெட்டியிருந்தது. மேலே போனதும் கேட் பக்கத்துக் குழாயடியில், அந்தக் குளிரில், ஒரு வாளி முடித்து இன்னொரு வாளி குளித்தார். மனைவி வெளுத்து மடித்து வைத்திருந்த சட்டையும் வேட்டியும் வாட்ச்மேன் கையால் வந்தன. வாட்ச்மேன் இப்போது என்னிடம் பேப்பர் வாங்குகிறார். ஆனால் பேசுவதில்லை.

மெத்தைக்காரர் வெயிலில் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நான். அவள் ஓடி வந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்து, நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். நான் காதைக் கொடுத்து நின்றேன். மூச்சு முழுதாக உள்ளே போயிற்று, முழுதாக வெளியே வந்தது. விசில் இல்லை.

"அப்பா, உன்மேல வாசமே இல்லப்பா."

"வரக்கூடாதுன்னுதாம்மா ரெண்டு வாளி குளிச்சேன்."

திரும்பவும் மோந்து பார்த்தாள். காதுக்குப் பின்னால், உள்ளங்கையில், எங்கேயாவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"பரவால்லப்பா" என்றாள் கடைசியில். "நான் கண்ணை மூடிக்கறேன். நீ பேசிட்டே இரு."

"என்ன பேசறது?"

"கடைல என்ன நடந்துச்சு, சொல்லு."

சொன்னார். மெஷின் பெல்ட் அறுந்ததை, மளிகைக் கடைக்காரர் பிரித்துப் போடச் சொன்ன மெத்தைக்குள் அவர் பத்து வருடத்துக்கு முன் தொலைத்த சாவி கிடைத்ததை, சோற்றைக் குழைய விட்டு மூன்று நாள் அதையே தின்றதை. ஆவி பறக்கிற கொட்டகை வாசலில் அவர் மனைவி ஈரக் கையோடு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புறப்படுகிற நேரம் தாண்டிவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்தார். அவள் அப்பாவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கியிருந்தாள். அவர் பேச்சை நிறுத்தப் பயந்து, சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்தேன். எடுத்த கையோடு உள்ளே போட்டுவிட்டு, மெத்தைக்காரர் அடுத்த பஸ்ஸில் வரட்டும் என்று, பஸ்ஸின் பக்கத் தகட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டினேன்.